சில் மட்டம் வந்தாச்சு, ஜன்னல் இன்னும் முடிவாகவில்லை: தேக்கா, யூபிவிசியா?

அல்லிக்குளம்
2024 பிப்ரவரி 11, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேளாங்கண்ணிக்குக் கொஞ்சம் தெற்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கிழக்கே இரண்டு கிலோமீட்டரில் கடல். தரைத்தளம் மட்டும், 1,150 சதுர அடி. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார், அதனால் சைட்டில் நிற்பது நானும் என் மாமனாரும்தான்.

சுவர் மூன்று அடி, அதாவது ஜன்னல் உட்காரும் சில் மட்டம் வரை வந்துவிட்டது. இன்று காலையில் மேஸ்திரி, "அம்மா, ஜன்னலுக்கு நிலை வருமா, இல்லை ஓப்பனிங்காக விட்டுட்டு லிண்டலுக்குப் போகட்டுமா" என்று கேட்டார். லிண்டல் என்பது ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் கட்டை. என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மொத்தம் 11 ஜன்னல். எட்டு 4க்கு 4, மூன்று 3க்கு 4. அது போக பாத்ரூம் வென்டிலேட்டர் 3. மாமனார் மரம்தான் வைக்கணும் என்கிறார். கொழுந்தனார், "யூபிவிசி போடுங்க அண்ணி, கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம், கரையான் வராது, பாலிஷ் செலவும் இல்லை" என்கிறார். வீட்டுக்காரர் அலுமினியம் படங்களாக அனுப்புகிறார். யூபிவிசியில் மூன்று டிராக் ஸ்லைடிங் (பக்கவாட்டில் நகர்த்தித் திறப்பது), கொசுவலையோடு சதுர அடி 620 ரூபாய், ஜிஎஸ்டி 18% தனி என்று ஒரு கடையில் சொன்னார்கள். 4க்கு 4 ஒன்றுக்கு 11,700 வருகிறது. மரத்துக்கு ஆசாரி 16,000லிருந்து 18,000 வரை சொல்கிறார், கம்பி தனி.

இன்னொரு விஷயம். கஜா புயலில் எங்கள் கொல்லையில் ஒரு தேக்கும் இரண்டு வேம்பும் விழுந்தன. மாமனார் அவற்றை வாள்பட்டறையில் கொடுத்து அறுத்து, மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கி வைத்திருக்கிறார். அது ஜன்னலுக்கு ஆகுமா?

உப்புக்காற்றை நினைத்தால் எனக்குப் பயம்தான். கஜா அன்று சின்ன மாமியார் வீட்டுச் சமையலறை ஜன்னல் கதவு நடுராத்திரியில் பிய்த்துக்கொண்டு போனது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது மரம் நன்றாகத்தான் இருந்தது, கொக்கியும் கீலும்தான் துரு தின்று பென்சில் முனை போல மெலிந்திருந்தன. அதைக் கையில் எடுத்துப் பார்த்தவள் என்பதால்தான் இவ்வளவு கேட்கிறேன்.


உளிச்சத்தம்
பிப்ரவரி 11, இரவு 10.25

கும்பகோணம் பக்கம் ஆசாரி வேலை, 30 வருஷமாக. முதலில் உங்கள் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன், தங்கச்சி.

2018 நவம்பரில் விழுந்த மரம் ஐந்து வருஷம் நிழலில் கிடந்திருக்கிறது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷக் காய்ச்சல் என்பது எங்கள் கணக்கு. மூன்று அங்குலச் சட்டமாக அறுத்திருந்தால்கூட நன்றாகக் காய்ந்திருக்கும். இன்றைக்கு மரவாடியில் போய் எவ்வளவு காசு கொடுத்தாலும் இப்படிக் காய்ந்த மரம் கிடைப்பது கஷ்டம். அதைப் போய் பரணில் விட்டுவிட்டு வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

நாளைக்கு மாமனாரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். தேக்கில் நடுப்பகுதி பழுப்பாக இருக்கும், அது வைரம். ஓரத்தில் வெளிறிப்போய் இருப்பது வெள்ளை. கரையானும் வண்டும் வெள்ளையைத்தான் தேடி வரும், வைரத்தை அவ்வளவு சுலபத்தில் தொடாது. வெள்ளையைக் கழித்துவிட்டு எத்தனை கன அடி தேறும் என்று அளந்து எழுதுங்கள்.

4க்கு 4, இரண்டு கதவு ஜன்னலுக்குக் கணக்கு இது: நிலை 4க்கு 3 அங்குலச் சட்டம், சுற்றி 16 அடி, நடுக்கட்டை 4 அடி, ஆக 20 அடிக்கு 1.67 கன அடி. கதவுச் சட்டம் 3க்கு ஒன்றேகால், இரண்டு கதவுக்கும் 24 அடி, அது 0.63. மொத்தம் 2.3. இழைப்பு, வெட்டுக் கழிவெல்லாம் சேர்த்து இரண்டேமுக்கால் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு ஜன்னலுக்கு நாலு கன அடி என்று சொன்னால் எந்தச் சட்டம் என்ன அளவு என்று உட்கார வைத்துக் கேளுங்கள்.

நிலைக்கு வேம்பு, கதவுக்குத் தேக்கு என்று வையுங்கள். டெல்டாவில் எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் செய்கிறோம்.


கண்ணாடிக்கடை
பிப்ரவரி 12, காலை 7.15

நான் கோவைப் பக்கம் யூபிவிசி, அலுமினியம் இரண்டும் செய்து பொருத்துகிறேன். என் தொழில் இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதைக் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

அக்கா, 620க்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டீர்களா? சட்டத்துக்கு உள்ளே இரும்பு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் எல்லாப் பக்கமும் ஓடுகிறதா, அதன் கனம் என்ன, கண்ணாடி 4 மில்லியா 5 மில்லியா, டஃபன்டா (சூடேற்றிக் கெட்டியாக்கியதா) சாதாவா என்று எழுதி வாங்குங்கள். டஃபன்டு கண்ணாடியில் ஒரு மூலையில் முத்திரை இருக்கும். டஃபன் செய்த பிறகு கண்ணாடியை வெட்ட முடியாது, அதனால் அளவு தப்பினால் அதோடு போச்சு. "உள்ளே ஐந்து அறைகள் உள்ள சட்டம்" என்று கடைகளில் பெருமையாகச் சொல்வார்கள், அது குளிர்நாட்டில் வீட்டுச் சூட்டைக் காப்பாற்ற உருவானது. ஏசி இல்லாமல் காற்றுக்காகத் திறந்து வைக்கப் போகிற கடற்கரை வீட்டில் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். இரட்டைக் கண்ணாடியும் அப்படித்தான்.

மர நிறத்தில் வரும் யூபிவிசியை வெயில் சுவரில் போடாதீர்கள். யூபிவிசி சூட்டில் நீளும், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.07 மில்லி அளவுக்கு. ஒன்றரை மீட்டர் சட்டம் 40 டிகிரி ஏறினால் 4 மில்லி நீண்டுவிடும். அடர்ந்த நிறம் இன்னும் அதிகமாகச் சூடேறும். கதவு உரசுகிறது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் கதை. வெள்ளை போதும்.


சாரல்
பிப்ரவரி 12, காலை 8.50

தென்காசியிலிருந்து எழுதுகிறேன். ஸ்லைடிங் மட்டும் வேண்டாம் அக்கா, அதுவும் மழை அடிக்கிற சுவரில்.

எங்கள் வீட்டில் மேற்குப் பக்கம் மூன்று ஸ்லைடிங். ஆனியில் சாரல் ஆரம்பித்தால் செங்கோட்டைக் கணவாய்க் காற்றோடு தண்ணீர் குறுக்காக வந்து அடிக்கும். முதல் வருஷம் ஜன்னலுக்குக் கீழே தரையெல்லாம் தண்ணீர். கண்ணாடி மூடித்தான் இருந்தது, உடையவும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தால், கீழ் டிராக்கில் தண்ணீர் குளம் கட்டி, உள்பக்க விளிம்பைத் தாண்டி வழிகிறது. டிராக்குக்கு வெளிப்புறம் தண்ணீர் போக நீளமாகச் சின்னத் துளைகள் இருக்குமே, பெயின்டர் பட்டி பார்க்கும்போது மூன்று ஜன்னலிலும் அதை அடைத்து மேலே வெள்ளையும் அடித்துவிட்டார். ஆணியால் குத்திக் குத்தி எடுத்தேன். இரண்டாவது துளை திறந்ததும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போனது.

இப்போது வழியவில்லை, ஆனால் டிராக்கில் மண்ணும் இறந்த ஈசலும் சேரும், மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கிறது.


வரைபடம்
பிப்ரவரி 12, மதியம் 1.30

திருச்சியில் சிவில் இன்ஜினியர். எல்லோரும் எந்தப் பொருள் என்று பேசுகிறீர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒவ்வொரு ஜன்னலும் எவ்வளவு திறக்கும் என்பது.

உங்கள் படுக்கையறை 12க்கு 12 என்று வைத்துக்கொள்வோம், 144 சதுர அடி. தேசிய கட்டட விதித்தொகுப்பு வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் கேட்கிறது, அதாவது 24 சதுர அடி. பாதி திறக்காத ஜன்னலாக இருந்தால் திறக்கிற பரப்பை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 4க்கு 4 இரண்டு வைத்தால் 32 சதுர அடி, தாராளம். ஆனால் ஸ்லைடிங் போட்டால் எப்போதும் ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் நிற்கும், திறப்பது பாதிதான். 32 என்று நினைத்த இடத்தில் 16தான் கிடைக்கும். கீல் வைத்துத் திறக்கும் கதவென்றால் முழுதும் திறக்கும். பணம் கொடுத்துச் சுவரில் ஓட்டை விட்டு, அதில் பாதியைக் கண்ணாடியால் நிரந்தரமாக அடைக்கிறோம், அதுவும் மே மாதம் புழுங்குகிற ஊரில். எனக்கு இது மனசே வராத விஷயம்.

இரண்டாவது, உங்கள் வீட்டுக்கு எந்தக் காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் வரும் என்று மாமனாரைக் கேளுங்கள். எங்களைப் போன்ற வெளியூர் இன்ஜினியரைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். காற்று உள்ளே வர ஒரு ஜன்னல், வெளியே போக எதிர்ச் சுவரிலோ பக்கச் சுவரிலோ இன்னொன்று. ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் காற்று ஓடாது.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். வடக்கில் வெயில் விழாது என்று பலர் நம்புகிறார்கள். நாகப்பட்டினம் நிலநடுக்கோட்டிலிருந்து பத்தே முக்கால் டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் உங்களுக்கு வடக்கே நிற்கும். அதனால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். சூரியன் உயரத்தில் இருப்பதால் உச்சி வேளைக்கு ஒன்றரை, இரண்டு அடி போதும். மேற்கில் மாலை நாலு மணி வெயிலுக்கு எந்தச் சன்ஷேடும் உதவாது, அது தாழ்ந்து குறுக்கே வரும். அங்கே கண்ணாடியைக் குறைத்து மரப்பலகைக் கதவு வைக்கலாம், இல்லை வெளியே ஒரு புங்கமோ முருங்கையோ வளர்க்கலாம்.


அல்லிக்குளம்
பிப்ரவரி 12, இரவு 9.10

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வரைபடம் சார், நீங்கள் சொன்ன மாதிரி மாமனாரிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நீட்டி நீட்டி அரை மணி நேரம் சொன்னார்.

கொண்டல் கிழக்கேயிருந்து வரும், கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்றாக வீட்டைக் குளிர்த்தும், ஐப்பசி கார்த்திகையில் அதே பக்கம்தான் மழையையும் கொண்டு வரும். வாடை வடக்கேயிருந்து, மார்கழி தையில். கச்சான் தென்மேற்கிலிருந்து, ஆனி ஆடியில் மண்ணை வாரி அடிக்கும், சூடாக இருக்கும். "கிழக்குச் சன்னல் பெருசா வேணும், ஆனா அதுதான் உனக்கு மழைக்காலத்துல எதிரியும்" என்றார். பழைய ஓட்டு வீட்டில் கிழக்கே திண்ணை இருந்ததால் மழை ஜன்னலைத் தொடவில்லையாம். புது வீட்டில் திண்ணை இல்லை.

மரத்தையும் இறக்கிப் பார்த்தோம். தேக்கு வெள்ளை கழித்து 7 கன அடி தேறும் போலிருக்கிறது. வேம்பு 11 கன அடி, ஆனால் இரண்டு சட்டம் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. ஒரு வேம்பில் ஓரமாக வண்டுத் துளை.


உளிச்சத்தம்
பிப்ரவரி 12, இரவு 9.50

வண்டுத் துளை உள்ள சட்டத்தைத் தட்டிப் பாருங்கள், மாவு கொட்டினால் உள்ளே உயிரோடு இருக்கிறது, அதை வீட்டுக்குள் கொண்டு போக வேண்டாம். முறுக்கின இரண்டையும் சின்னத் துண்டுகளாக வெட்டி வென்டிலேட்டர் நிலைக்கு வைத்துக்கொள்ளலாம், அரையடி ஒரு அடியில் முறுக்கு தெரியாது.

7 தேக்கும் 9, 10 வேம்பும் இருந்தால் நாலைந்து ஜன்னல் தாராளமாக முடியும். பதினொன்றுக்கும் வராது.

கொசுவலையும் மரத்திலேயே வேண்டுமானால் நிலையை 5க்கு 3 போடச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் ஒரு காடி (கதவு உட்காரும் பள்ளம்), அதில் கண்ணாடிக் கதவு வெளியே திறக்கும். நடுவில் கம்பி. உள்பக்கம் இன்னொரு காடி, அதில் வலைக்கதவு உள்ளே திறக்கும். 4 அங்குல நிலையில் இதைத் திணித்தால் கம்பிக்கும் வலைக்கும் நடுவில் கை நுழையாது. அப்புறம் கதவைச் சாத்தவே தினமும் சண்டை.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் நாலு கதவு ஜன்னல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. தெருவில் போகிறவர் கண் படாமல் கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேல்கதவைத் திறந்து வைத்தால் பகலெல்லாம் காற்று வரும். உங்கள் மேற்குச் சுவருக்கும் தெருப்பக்கத்துக்கும் அதைத்தான் சொல்வேன், பலகைக் கதவாக. கீல் கூடும், கூலியும் கொஞ்சம் கூடும். இப்போது யாரும் கேட்பதில்லை என்பதால் இளம் ஆசாரிகள் செய்து பழகியிருக்க மாட்டார்கள். வயசான ஒருவரைப் பிடியுங்கள்.


முத்துநகர்
பிப்ரவரி 12, இரவு 11.05

தூத்துக்குடி. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நான் துருவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நாங்கள் 2012ல் வீடு கட்டும்போது ஜன்னல் கம்பிக்குக் குழாய் வைத்தோம், எடை குறைவு, விலை குறைவு என்று. மேலே வருஷா வருஷம் பெயின்ட் அடித்தேன். குழாய் உள்ளேயிருந்து துரு பிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆறாவது வருஷம் பையன் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கினான், கையோடு வந்துவிட்டது. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினேன்.

உள்ளே கெட்டியான 12 மில்லி சதுரக் கம்பி வையுங்கள். முழு கிரில்லையும் வெல்டிங் முடித்த பிறகு ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது, கொடுத்து வாங்குங்கள். முதலில் கால்வனைஸ் செய்த கம்பியை வாங்கி அப்புறம் வெல்டிங் வைத்தால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே வராது என்பதும் பொய். 304 ரகம் கடலோரத்தில் டீக்கறை மாதிரி பழுப்பாகப் புள்ளி விழும். 316 ரகத்தில் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ப்பதால் உப்பைத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. எதைப் போட்டாலும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும், மழை படாத சன்ஷேடுக்கு அடியில்தான் உப்பு அதிகம் தேங்கும்.

கீல், கொக்கி, திருகாணி எல்லாவற்றுக்கும் ஒரு காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கெட்டியாக ஒட்டினால் 304 இல்லை. உங்கள் சின்ன மாமியார் வீட்டு ஜன்னலைக் கொண்டுபோனது இந்தச் சில்லறைச் சாமான்தான்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீரில் ஒரு பகுதி ஜன்னல் வழியாக, கண்ணாடி இடுக்கில் இல்லை, ஜன்னலுக்கு அடியில் போட்ட கிரானைட் பலகை வழியாக. கொத்தனார் அதற்கு வாட்டம் உள்பக்கம் கொடுத்திருந்தார். பதினொரு வருஷம் யாரும் கவனிக்கவில்லை.


நாலாம்மாடி
பிப்ரவரி 13, காலை 6.40

சென்னை, அடுக்குமாடி. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன் அல்லிக்குளம்.

வலை பகலுக்கும் வேண்டும். டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும். "ராத்திரி மட்டும் வலையை இழுத்தால் போதும்" என்று நாங்கள் இருந்தோம், என் பெண்ணுக்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஃபைபர் வலையை அணிலும் எலியும் கடித்துவிடும், சமையலறைக்கு மட்டுமாவது ஸ்டீல் வலை போடுங்கள்.

அப்புறம், ஒரு படுக்கையறையிலாவது கம்பியைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மின்பெட்டி எரிந்து படிக்கட்டு முழுக்கப் புகை வந்தபோது, நாங்கள் நாலு பேரும் ஜன்னலில் நின்றோம், கம்பிக்கு இந்தப் பக்கம். நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த இருபது நிமிஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது போதும். பூட்டுச் சாவியை உள்பக்கம், வெளியிலிருந்து கை எட்டாத ஆனால் இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய ஆணியில் மாட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஆணி தெரிந்திருக்க வேண்டும், மாமனார் மாமியாருக்கும் சேர்த்து.


கண்ணாடிக்கடை
பிப்ரவரி 13, காலை 7.30

நாலாம்மாடி அக்கா சொன்னதை நான் என் எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்கிறேன், பத்தில் ஒருவர்தான் கேட்கிறார்.

மழை அடிக்கும் கிழக்குச் சுவருக்கு நான் யூபிவிசியில் வெளியே திறக்கும் கதவு சொல்வேன். காற்று வெளியிலிருந்து தள்ளும்போது கதவு நிலையோடு இன்னும் இறுகும், ரப்பர் அழுந்தும், தண்ணீர் வராது. கைப்பிடியைத் திருப்பினால் மூன்று இடத்தில் பூட்டு விழுகிற மாதிரி கேளுங்கள், ஒரே கொக்கி போதாது. உள்பக்கம் திறக்கும் வலைக்கதவோடு வரும் அகல நிலை உண்டு, நடுவில் கம்பி வைக்கலாம். ஆனால் சதுர அடி 850க்குக் குறையாது என்று நினைக்கிறேன்.

ஓப்பனிங் விடுகிறீர்கள் என்றால் பூச்சு முடிந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். நாலு பக்கமும் 5 மில்லி இடைவெளி. அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் அளக்கட்டும், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுக்கட்டும். இரண்டும் ஒன்றாக வரவில்லையென்றால் ஓப்பனிங் கோணல், கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும், சிலிக்கான் வைத்து மூடக்கூடாது. சிலிக்கான் வெயிலில் சில வருஷத்தில் விட்டுவிடும்.


உளிச்சத்தம்
பிப்ரவரி 13, காலை 8.20

கண்ணாடிக்கடை தம்பி நியாயமாகப் பேசுகிறார், எனக்கு அதில் மறுப்பு இல்லை. கடல் பார்த்த சுவரில் மரம் வைத்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வார்னிஷ் பார்க்கத்தான் வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லாத வீடென்றால் மரம் பாவம், வெளுத்து வெடித்துப் போகும்.

ஆனால் 850க்கு 4க்கு 4 போட்டால் வரியோடு 16,000 ஆகிறது. மரமும் அதே விலைதான். பரணில் மரம் இருக்கிற வீட்டில் மரம்தான் மலிவு.


அல்லிக்குளம்
பிப்ரவரி 14, காலை 10.15

மேஸ்திரிக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

தெருப்பக்கம் தெற்கே இரண்டு, மேற்கே இரண்டு, ஆக நாலு ஜன்னலுக்கு மரம். வேம்பு நிலை 5க்கு 3, தேக்குக் கதவு. மேற்கு இரண்டும் நாலு கதவு, பலகை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வயசான ஆசாரி கிடைத்திருக்கிறார், நாலு கதவு ஜன்னல் என்றதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். நிலை வர பத்து நாள் ஆகும், அதுவரை அந்தச் சுவர்களை நிறுத்திவிட்டு மற்றதை ஏற்றச் சொல்லிவிட்டேன். சுவரைத் தொடுகிற பக்கத்துக்குத் தார் பூசித் தரச் சொல்லியிருக்கிறேன்.

கிழக்கு, வடக்கில் மீதி ஏழும் ஓப்பனிங். பூச்சு முடிந்ததும் யூபிவிசி, வெள்ளை, வெளியே திறக்கும் கதவு, 5 மில்லி டஃபன்டு. ஸ்லைடிங் ஒன்றுகூட இல்லை. கிழக்குச் சன்ஷேடு ஒன்றரை அடி இருந்ததை இரண்டரை அடியாக்கி, தண்ணீர் சுவருக்கு ஓடாமல் சொட்டி விழ அடியில் ஒரு சொட்டுக் கோடும் போடச் சொன்னேன். கம்பி எல்லாம் முத்துநகர் அண்ணன் சொன்னபடி. மாமனார் படுக்கையறையில் ஒரு கம்பி திறக்கும்.

வீட்டுக்காரரிடம் ஸ்லைடிங் பாதிதான் திறக்கும் என்ற கணக்கைச் சொன்னேன். சரி, உன் இஷ்டம்போல் செய் என்றார்.


வரைபடம்
பிப்ரவரி 14, இரவு 8.00

நல்ல முடிவு. கிரானைட் பலகை பதிக்கும் அன்று நீங்களே நில்லுங்கள். வெளிப்பக்கம் வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கலவை ஈரமாக இருக்கும்போது சரி செய்வது ஐந்து நிமிஷ வேலை.


அல்லிக்குளம்
2024 டிசம்பர் 8, மாலை 5.20

பத்து மாதம் கழித்து வருகிறேன். ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டோம். முதல் மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

நவம்பர் 26, 27ல் எங்கள் மாவட்டத்தில் நல்ல மழை. அப்புறம் ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. கஜா மாதிரி காற்று எங்களுக்கு இல்லை, ஆனால் கொண்டல் மழை இரண்டு நாள் கிழக்குச் சுவரில் நேராக அடித்தது. ராத்திரி மூன்று தடவை எழுந்து ஒவ்வொரு ஜன்னலுக்கு அடியிலும் கையால் தடவிப் பார்த்தேன். ஏழு யூபிவிசியிலும் ஒரு சொட்டு இல்லை. பெயின்ட் வேலை முடிந்த அன்றே துளைகளை ஆணியால் குத்திப் பார்த்திருந்தேன். சாரல், உங்களை நினைத்துக்கொண்டேதான் செய்தேன், இரண்டு அடைத்திருந்தது.

தண்ணீர் வந்தது ஒரே இடத்தில், பின்பக்க பாத்ரூம் வென்டிலேட்டரில். அந்தப் பலகை பதித்த அன்று நான் பேங்க் வேலையாக வெளியே போயிருந்தேன். வாட்டம் உள்பக்கம். பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும்.

மர ஜன்னலில் தெற்கே ஒரு கதவு இறுகிவிட்டது, சாத்த முடியவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டேன். மழைக்காலத்தில் இழைத்தால் வெயில் காலத்தில் இடைவெளி விழும், தை பிறக்கட்டும், அப்போதும் இறுகினால் ஒரு இழை இழைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உளிச்சத்தம் அண்ணா, சரிதானே?

மேற்கு நாலு கதவு ஜன்னல்தான் இப்போது வீட்டிலேயே எனக்குப் பிடித்த இடம். மதியம் கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேலே திறந்து வைக்கிறேன், மாமனார் அதற்கு அடியில் பாய் போட்டுப் படுக்கிறார். கதவில் ஒரு இடத்தில் தேக்கு ரேகை வளைந்து ஒரு கண் மாதிரி இருக்கும். அந்த மரத்தில் மாடு கட்டிய கயிறு அழுத்தி அழுத்தி வந்த தழும்பு அது என்று அவர் பேத்திக்குக் காட்டினார்.


உளிச்சத்தம்
டிசம்பர் 8, இரவு 9.05

சரிதான் தங்கச்சி. அந்த ஆசாரியை விட்டுவிடாதீர்கள். தை வரை அந்தக் கதவை முழுதாகச் சாத்த முயன்று தள்ளாதீர்கள், மூட்டு விட்டுவிடும், கொக்கியில் நிறுத்தி வையுங்கள்.


முத்துநகர்
டிசம்பர் 9, காலை 7.10

கீல் எப்படி இருக்கிறது? காந்தம் வைத்துப் பார்த்தீர்களா?


அல்லிக்குளம்
டிசம்பர் 9, காலை 7.45

பார்த்தேன் அண்ணா. பொருத்த வந்த அன்று வேனிலிருந்து இறக்கும்போதே பார்த்தேன். ஏழு ஜன்னலில் இரண்டுக்கு ஒட்டியது. பொருத்த வந்த பையன் எல்லாம் ஒன்றுதான் அக்கா என்றான். அந்த இரண்டையும் வேனிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன், நாலு நாளில் வேறு வந்தது, அதிலும் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன்.